ஒரே பக்கத்தில் பதினோரு பயணம்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் நான் கொடுத்த கையெழுத்துப் படியில் ஒரு பக்கம் மட்டும் சிவப்பு வட்டங்களோடு திரும்பி வந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினொரு வட்டம். பதினொன்றும் ஒரே சொல்லைச் சுற்றிப் போட்டவை: 'பயணம்'.

அப்போது பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துநராக இருந்தேன். மாலை நேரங்களில் பழைய ஆங்கில நாவல்களையும் வழிநடை நூல்களையும் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அச்சகத்தின் மூத்த பிழைதிருத்துநரை எல்லாரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். வட்டம் போட்டவர் அவர்தான்.

"தம்பி, இந்தப் பக்கத்துல ஒருத்தன் குதிரையில போறான், ஒருத்தி கோயிலுக்கு நேந்துக்கிட்டுப் போறா, ஒரு கூட்டம் சோறு கட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போவுது. எல்லாத்துக்கும் பயணம்னு எழுதியிருக்கீரு. எல்லாரும் ஒரே வண்டியிலயா போனாவ?"

அகராதியில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றேன்.

"அகராதி சொல்லுக்குப் பொருள் சொல்லும். போனவன் எப்படிப் போனான்னு நீருல்லா சொல்லணும்."

அன்று மாலையே ஒரு குயர் நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லும், அது வந்த நூலும், அந்த நூல் வெளியான ஆண்டும். வலப்பக்கம், அதே மாதிரிப் போக்கைச் சொல்ல நம் ஆட்கள் வாயில் வந்த சொல், சொன்னவர் யார், எந்த ஊர். முப்பது வருடத்தில் மூன்று நோட்டு நிறைந்துவிட்டது. என் தொழிலில் நான் சேர்த்த சொத்து அதுதான்.

முதல் பக்கத்தில் இருப்பது 'ஜர்னி'. அது ஒரு தவறின் வழியாக உள்ளே வந்த சொல். பெஞ்சமின் பிராங்க்ளின் இளவயதில், 1724 கடைசியிலிருந்து 1726 வரை, லண்டன் அச்சகங்களில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்து அச்சகங்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் 'ஜர்னிமேன் பிரிண்டர்' என்று வந்தது. 'ஊர் ஊராகப் பயணம் செய்யும் அச்சுத் தொழிலாளி' என்று எழுதிவிட்டேன். முழுத் தவறு. ஜர்னி என்பது நாளைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு நாள் வேலை, ஒரு நாளில் கடக்கிற வழி, இரண்டும் அதற்குள் அடக்கம். தொழில் பழகி முடித்து, சொந்தப் பட்டறை வைக்க வசதியில்லாமல், நாள் கணக்கில் கூலி வாங்குகிற ஆள்தான் ஜர்னிமேன். அவன் ஊரைவிட்டு ஓர் அடி நகர வேண்டியதில்லை. இதை நான் அச்சகத்தில் சொன்னபோது, எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த கம்பாசிட்டர் அண்ணன் தலையை நிமிர்த்தி, "அப்ப நானும் அதுதானே?" என்றார். அதுதான். சனிக்கிழமைதோறும் வேலை பார்த்த நாளை எண்ணிக் கூலி வாங்கியவர் அவர்.

இடைக்கால இங்கிலாந்தில் ஒரு ஜர்னி என்றால் பொழுது விடிந்து கிளம்பிப் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரும் தூரம். நம் பெரியவர்கள் "அது மூணு நாள் நடைல்லா" என்று தூரத்தை நாளால் அளந்தது போலத்தான். நாட்குறிப்பைச் சொல்லும் 'ஜர்னல்', சில நாள் தங்குவதைச் சொல்லும் 'சோஜர்ன்', இரண்டும் இதே நாளில் முளைத்தவை.

'டிராவல்' இன்னும் கசப்பான சொல். பாடுபடுவதைக் குறித்த பிரெஞ்சுச் சொல் அதன் தாய். அதற்கும் பின்னால் போனால், மூன்று கழிகளை நட்டு ஆளை வதைக்கும் கருவி ஒன்றின் லத்தீன் பெயரில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள். பிரசவ வலியைச் சொல்லும் 'டிராவெயில்' இதனுடைய உடன்பிறப்பு. பழைய நூல்களில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுத்துக்கூட்டியிருப்பார்கள். சேறும் திருடனும் காய்ச்சலும் உள்ள வழிகளில் போனவர்களுக்குப் போவதும் வலியும் ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன. எங்கள் ஆச்சி சிறுவயதில் திருச்செந்தூருக்கு நடந்துபோன கதையை, "போன பாடு இருக்கே..." என்றுதான் தொடங்குவாள். நோட்டில் டிராவலுக்கு எதிரே 'பாடு' என்று எழுதி, பக்கத்தில் 'ஆச்சி' என்று குறித்திருக்கிறேன். 16ஆம் நூற்றாண்டு நூல் எதிலாவது இந்தச் சொல் வந்தால், முதலில் அந்தப் பாடு வாக்கியத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன்.

'வாயேஜ்' என்னைக் கடலில் தள்ளிய சொல். ரிச்சர்ட் லாசல்ஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர் எழுதி 1670இல் வெளியான நூலுக்கு 'இத்தாலி வாயேஜ்' என்று தலைப்பு. பணக்கார வீட்டு ஆங்கிலேய இளைஞர்கள் ஆசிரியரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றிவரும் வழக்கத்துக்கு 'கிராண்ட் டூர்' என்ற பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது அந்த நூலில்தான் என்பார்கள். ஒரு கட்டுரையில் அந்தத் தலைப்பை 'இத்தாலிக் கடற்பயணம்' என்று போட்டு, அச்சாகியும் வந்துவிட்டது. நூலைப் படித்தவருக்குத் தெரியும், அது ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஊர் ஊராகத் தரைவழியே போகிற கதை. ஒரு பேராசிரியர் அஞ்சலட்டையில் அதைச் சுட்டிக்காட்டி எழுதினார். அந்த அட்டையை இரண்டாவது நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாசர், கேன்டர்பரிக்குக் குதிரையில் போகும் யாத்திரைக்கும் இதே சொல்லைத்தான் போட்டார். வாயேஜ் கடலுக்கு மட்டும் உரியதானது பிற்காலத்தில்.

அதன் வேரைத் தேடிப் போனபோது எனக்குப் பெரிய சந்தோஷம் காத்திருந்தது. 'வியாட்டிக்கம்' என்ற லத்தீன் சொல்லுக்கு, வழிக்கு வேண்டிய சோறும் காசும் என்று பொருள். கத்தோலிக்கத் திருச்சபையில் சாகும் தறுவாயில் இருப்பவருக்குக் கொடுக்கும் நற்கருணைக்கும் அதுவே பெயர். நெடுவழி போகிறவருக்குக் கடைசியாகக் கட்டிக் கொடுக்கிற சோறு. நம்மிடமும் இதற்குச் சரியான சொல் உண்டு: ஆற்றுணா. ஆறு என்றால் வழி. வழிக்கு உண்ண எடுத்துப்போவது ஆற்றுணா. பேச்சில் கட்டுச்சோறு. ஆக, வாயேஜ் என்ற சொல்லின் மூட்டையை அவிழ்த்தால் உள்ளே இருப்பது நம் அம்மாக்கள் வாழையிலையில் வைத்துக் கட்டித் தந்த புளிச்சோறு.

நோட்டில் நான் அதிகம் புரட்டுகிற பக்கம் 'ஃபேர்'. அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டவள் என் மனைவி. அவளுக்கு ஈரோட்டுப் பக்கம். கல்யாணமான புதிதில் ஒருநாள் சமையலறையிலிருந்து, "செலவு தீந்துபோச்சுங்க, கடைக்குப் போனா வாங்கிட்டு வாங்க" என்றாள். செலவு எப்படித் தீரும், அதை எப்படிக் கடையில் வாங்குவது என்று நான் விழித்தேன். கொங்கு நாட்டில் மிளகு, சீரகம், மல்லி போன்ற அரைப்புச் சாமான்களுக்குச் செலவு என்று பெயர். அவற்றை இடித்துப் போட்டு வைப்பது செலவு ரசம். அன்று அவள் வைத்த ரசத்தைச் சாப்பிட்டபடியே மேசையில் கிடந்த கையெழுத்துப் படியைப் பார்த்தேன். அதில் 'ஃபேர்' என்ற சொல்லுக்குக் கீழே நான் கோடு போட்டு வைத்திருந்தேன்.

பழைய ஆங்கிலத்தில் 'ஃபரன்' என்றால் போவது. ஃபேர் அதன் வாரிசு. விடைபெறும்போது சொல்கிற 'ஃபேர்வெல்' என்பது "நல்லபடியா போயிட்டு வாங்க" என்பதுதான். வழிப்போக்கன் 'வேஃபேரர்', கடலோடி 'சீஃபேரர்', ஆட்கள் புழங்கும் சாலை 'தரோஃபேர்'. இப்படிப் 'போதல்' என்றிருந்த சொல் பிறகு போவதற்குக் கொடுக்கும் காசுக்குப் பெயரானது. பேருந்தில் நாம் இன்று கேட்கிற ஃபேர் அதுதான். இன்னொரு பக்கம் அதே சொல் சாப்பாட்டையும் குறித்தது. 'பில் ஆஃப் ஃபேர்' என்றால் உணவுவிடுதிப் பட்டியல்.

இப்போது செலவைப் பாருங்கள். செல் என்ற வினையில் பிறந்தது. சங்கப் பாடல்களில் செலவு என்றால் தலைவன் பொருள் தேடப் பிரிந்து போவது. கிளம்பியவன் மனம் கேளாமல் அந்தப் போக்கைத் தள்ளிவைத்தால் அதற்குச் 'செலவழுங்குதல்' என்று துறையே வகுத்திருக்கிறார்கள். அந்தச் செலவு இன்று கைக்காசு போவதற்குப் பெயர். கொங்கு நாட்டு அடுக்களையில் அது மிளகும் சீரகமும். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகளில், போவதைச் சொன்ன சொல் காசிலும் சாப்பாட்டிலும் வந்து நின்றிருக்கிறது. போவதென்றால் காசும் சோறும் வேண்டும் என்பதைத் தேம்ஸ் கரையிலிருந்தவரும் பொருநைக் கரையிலிருந்தவரும் ஒரே மாதிரி அறிந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு, பழைய கதைப்பாடல் ஒன்றில் ஒருவன் மேற்கொள்ளும் ஃபேர் என்று வந்த இடத்தில் 'நெடுஞ்செலவு' என்று போட்டேன். வாசகர் பணச்செலவு என்று நினைத்துவிடுவார் என்றார் பத்திரிகை ஆசிரியர். நானும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தேன். முந்தைய வரியில் அவன் குதிரைக்குச் சேணம் பூட்டுகிறான்; யாரும் தவறாகப் படிக்கமாட்டார்கள் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். வாசகர் யாரும் தவறாகப் படிக்கவில்லை. இன்னொன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. லண்டன் வாடகை வண்டிக்காரர்கள் ஏறுகிற ஆளையே ஃபேர் என்பார்கள். நம் ஆட்டோக்காரர்கள் ஓட்டத்தையும் ஆளையும் சேர்த்துச் சவாரி என்கிறார்கள். "காலையிலருந்து ஒரு சவாரி கூடக் கெடைக்கல, சார்" என்று வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் ஒரு தம்பி சொன்னது அப்படியே குறிக்கப்பட்டிருக்கிறது. பாரசீகத்திலிருந்து வந்து நம் தெருவில் குடியேறிய சொல் அது. லண்டன் வண்டிக்காரர் பேசுகிற இடத்தில் அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்தச் சொற்களில் மொழிபெயர்ப்பாளரை அதிகம் ஏமாற்றுபவை காலத்தோடு குணம் மாறியவை. 'ஜான்ட்' என்றால் இன்றைய அகராதியில் உல்லாசமாகச் சிறுபொழுது வெளியே போய்வருவது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது குதிரையை இங்குமங்கும் விரட்டிக் களைக்க வைப்பது, வீண் அலைச்சல். 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் செவிலித்தாய் ரோமியோவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, எலும்பெல்லாம் நோகிறது என்று மூச்சிரைக்கப் புலம்புகிற இடத்தில் பழைய பதிப்புகளில் இந்தச் சொல் வருகிறது. அங்கே 'உல்லாசப் பயணம்' என்று போட்டால் அந்தக் கிழவிக்குச் செய்கிற அநியாயம். அவள் பட்டது அலைச்சல். அந்த அலைச்சலை மொழியே மெல்ல மெல்ல உல்லாசமாக்கிக்கொண்டது. அதனால்தான் என் நோட்டில் நூலின் ஆண்டு இல்லாமல் எந்தச் சொல்லும் இல்லை.

'ஜங்கெட்' இன்னும் நீண்ட தூரம் வந்த சொல். லத்தீனில் கோரைப்புல்லின் பெயர் அதன் வேர். முதலில் கோரையால் முடைந்த கூடை. பிறகு அந்தக் கூடையில் வடித்த பாலேடு, இனிப்புத் தயிர்ப் பண்டம். பிறகு அந்தப் பண்டம் பரிமாறும் விருந்து. பிறகு விருந்துக்காகக் கூட்டமாக வெளியே போவது. கடைசியில், அமெரிக்க அரசியலில், ஊர்ப்பணத்தில் அதிகாரிகள் போய்வரும் சுற்று. எந்த நூற்றாண்டு என்று தெரியாமல் இந்தச் சொல்லைத் தமிழாக்க உட்கார்ந்தால் தயிருக்குப் பதில் மந்திரியை எழுதிவிடுவோம்.

'பிக்னிக்' பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வெட்டவெளியும் புல்தரையும் கட்டாயமில்லை. ஆளுக்கொரு பங்கு கொண்டுவந்து, அல்லது பங்குக் காசு போட்டு, கூடிச் சாப்பிடுவது, அவ்வளவுதான். வீட்டுக்குள்ளேயே நடந்தது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில்தான் அது மரத்தடிக்குப் போனது. ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலில், சர்ரே மாவட்டத்தின் பாக்ஸ் குன்றுக்குக் கூட்டமாகப் போய், வெயிலிலும் மனக்கசப்பிலும் அந்த நாள் முடிவதை ஆங்கில வாசகர் மறக்கமாட்டார்கள். அந்த நாவலில் இந்தச் சொல்லும் வருகிறது. நாவல் வெளிவந்தது 1815 டிசம்பரில். சொல் வீட்டிலிருந்து குன்றுக்கு நகர்ந்துகொண்டிருந்த காலம். பிக்னிக்குக்கு எதிரே நான் இரண்டு சொல் எழுதியிருக்கிறேன். பழைய பொருளுக்குக் கூட்டாஞ்சோறு. தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி, ஒரு கத்திரிக்காய், ஒரு துண்டு விறகு என்று கொண்டுவந்து ஆக்குவோமே, அதேதான். புதிய பொருளுக்கு ஆடிப்பெருக்குச் சித்திரான்னம். ஆற்றங்கரையும் கட்டிய சோறும் அதில் உண்டு.

எங்கள் அச்சகத்தையே எனக்குப் புதிதாகக் காட்டிய சொல் ஒன்று உண்டு: 'வேஸ்கூஸ்'. முதன்முறை பார்த்தபோது வாத்து இனம் ஏதோ என்று நினைத்தேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தில் தேடிவிட்டு, பிறகு நூலகத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் தொகுதியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அச்சுத் தொழிலாளர்களின் வருடாந்தர விருந்து என்று இருந்தது. ஜோசப் மாக்சன் என்பவர் 1683இல் எழுதிய அச்சுத்தொழில் கைநூலில் அதைப் பற்றிச் சொல்கிறார். ஆகஸ்ட் 24 புனித பர்த்தலோமேயு திருநாள். அதையொட்டி, அச்சகத்தின் ஜர்னிமேன்கள் சன்னல்களுக்குப் புதுக் காகிதம் ஒட்டுவார்கள். கண்ணாடி விலைகூடிய காலம். சன்னலை அடைத்தது காகிதம். கோடை போய்ப் பொழுது குறுகத் தொடங்கும். அந்த விருந்து முடிந்த பிறகுதான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வேலை செய்யத் தொடங்குவார்கள். விருந்து கொடுப்பது முதலாளி. பிற்காலத்தில் அது விருந்தோடு நிற்காமல், தொழிலாளர்கள் கூட்டமாக ஊருக்கு வெளியே போய்வரும் நாளாகவும் ஆனது. சொல்லின் பிறப்பு இன்றுவரை துலங்கவில்லை.

அதைப் படித்து முடித்தபோது எனக்கு எங்கள் வேன் ஞாபகம் வந்தது. வருடம் தவறாமல் சாரல் காலத்தில் அச்சகமே குற்றாலம் போகும். முதலாளி வேன் வாடகையும் கையில் கொஞ்சம் ரூபாயும் தருவார். தேங்காய்ச் சோறும் எலுமிச்சைச் சோறும் தூக்குவாளிகளில் வரும். மற்ற நாளெல்லாம் விரலிடுக்கில் மை காயாத எந்திரக்காரர் ஐந்தருவியில் நின்று அரைமணி நேரம் கையையே தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார். திரும்பும்போது வேனில் யாரும் பேசமாட்டார்கள். நனைந்த துண்டு வாசமும் தூக்கமும்தான். இது எங்கள் வேஸ்கூஸ். முன்னூறு வருடத்துக்கு முன்னால் லண்டனில் காகிதச் சன்னல் ஒட்டியவர்களும் நாங்களும் ஒரே தொழிலின் பிள்ளைகள். மொழிபெயர்ப்பில் அந்தச் சொல்லை மாற்றாமல் 'வேஸ்கூஸ்' என்றே வைத்துக்கொண்டு, 'அச்சுக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஊர்சுற்றி விருந்துண்ணும் நாள்' என்று வாக்கியத்துக்குள்ளேயே விளக்கினேன். சில சொற்களை மாற்றக் கூடாது. வாசகரை அந்தச் சொல்லின் வீட்டுக்கே அழைத்துப் போக வேண்டும்.

இங்கிலாந்தின் உழைக்கும் மக்கள் வெளியே போகத் தொடங்கிய கதை சொற்களில் அப்படியே பதிந்திருக்கிறது. 'எக்ஸ்கர்ஷன்' என்றால் லத்தீனில் வெளியே ஓடுவது. கோட்டைக்குள் இருக்கும் படை திடீரென வெளிவந்து தாக்கிவிட்டுத் திரும்புவதற்கு அந்தப் பெயர். அந்தப் போர்ச்சொல் ரயிலில் ஏறிய பெயர்பெற்ற நாள் 1841 ஜூலை 5. மதுவிலக்குப் பிரசாரகரான தாமஸ் குக், தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கி, ஏறக்குறைய 500 பேரை லெஸ்டரிலிருந்து லாஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு ரயிலில் கூட்டிப்போனார். உலகச் சுற்றுலாத் தொழிலின் பெரிய பெயர் ஒன்று அங்கேதான் முளைத்தது. பிறகு 'பீன்ஃபீஸ்ட்', முதலாளி தொழிலாளிகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை தருகிற விருந்து. அது சுருங்கிப் 'பீனோ'வாகி, கடற்கரைக்குப் போய்வரும் நாளானது. பிறகு 'சாரபேங்க்', பிரெஞ்சில் பெஞ்சு போட்ட வண்டி. குதிரை இழுத்த காலம் போய் மோட்டார் வந்த பிறகும் பெயர் மாறவில்லை. லாரி லீ 1959இல் வெளியிட்ட 'சைடர் வித் ரோஸி' என்ற நினைவு நூலில், ஸ்லாட் என்ற சிற்றூரே சாரபேங்குகளில் ஏறி வெஸ்டன் சூப்பர் மேர் கடற்கரைக்குப் போகும். அந்த வண்டிக்கு 'சொகுசுப் பேருந்து' என்று போட்டிருந்த ஒரு மொழிபெயர்ப்பைப் பார்த்து நெஞ்சு வலித்தது. பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, காற்றில் தொப்பி பறக்கப் பறக்கப் போனவர்கள் அவர்கள். நான் 'பெஞ்சு வண்டி' என்று எழுதுவேன்.

யாத்திரைச் சொற்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். 'பில்கிரிம்' லத்தீனில் அயல்நாட்டான், தன் மண்ணைத் தாண்டி வந்தவன். தமிழில் இதற்கு அச்சு அசலான சொல் பரதேசி. பிற தேசத்தான் என்பதுதான் பொருள். துறவியாய்த் திரிபவனைக் குறித்து, பிறகு பிச்சைக்காரனையும் குறித்து, இன்று வசையாகிப் போயிற்று. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூல் தமிழில் 'பரதேசியின் மோட்ச பிரயாணம்' என்ற பெயரில் வந்தது. திருநெல்வேலிச் சீமைக்காரரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அதையே தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தை 1894இல் தந்தார். அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளர் பரதேசி என்ற சொல்லைத் தேர்ந்ததை நினைத்து நான் பலமுறை கும்பிட்டிருக்கிறேன். வேரும் பொருளும் ஒருசேர நிற்கும் சொல் எப்போதாவதுதான் கிடைக்கும். பனியன் தலைப்பிலுள்ள 'புரோகிரஸ்' என்பதற்கும் முன்னேற்றம் என்று பொருளில்லை. அரசர் பரிவாரத்தோடு நாட்டைச் சுற்றிவருவதற்கும் அந்தப் பெயர் இருந்தது. முதலாம் எலிசபெத் கோடைதோறும் போன புரோகிரஸ்கள் பிரசித்தம். பிரயாணம் என்று போட்டவர் காலமறிந்து போட்டிருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சொல்லின் பிறப்பைப் பற்றி அழகான கதை கிடைத்தால் நம்ப மனம் துடிக்கும். குதிரையின் மிதமான ஓட்டத்தைச் சொல்லும் 'கேன்டர்' கேன்டர்பரி யாத்திரிகர்களின் குதிரை போன வேகத்திலிருந்து வந்தது. இது உண்மை. மெல்ல உலாத்துவதைச் சொல்லும் 'சான்டர்' புனித பூமியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தது என்று தோரோ 'வாக்கிங்' கட்டுரையில் எழுதினார்; அது அச்சானது அவர் மறைந்த 1862இல். அழகான விளக்கம். ஆனால் சொல்லாராய்ச்சியாளர்கள் அதை ஏற்கவில்லை. திரிவதைச் சொல்லும் 'ரோம்', ரோமாபுரியிலிருந்து வந்ததென்பதும் அப்படிப்பட்ட கதைதான். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். சான்டருக்கு நான் வைத்திருக்கும் தமிழ், 'காலாற நடப்பது'. அது எந்தப் புராணமும் இல்லாமலே பொருந்துகிறது.

சின்னச் சின்னப் போக்குகளில்தான் நம் பேச்சு மொழி வாரி வழங்குகிறது. 'ட்ரிப்' முதலில் லேசாகக் கால்வைத்து நடப்பது, ஆடுவது. பிறகு கப்பல் ஒருமுறை போய்வருவது. நாம் 'நடை' என்கிறோம். காலடியும் நடைதான், "நாலு நடை மண் அடிச்சாச்சு" என்னும்போது போய்வந்த கணக்கும் நடைதான். 'எர்ரண்ட்' பழைய ஆங்கிலத்தில் செய்தி, தூது. இப்போது ஒரு சிறு வேலையாகப் போய்வருவது. எங்கள் ஊரில் "ஒரு சோலியா வந்தேன்" என்பார்கள். நாவல்களில் பெண்கள் வண்டியில் ஏறி 'ஏரிங்' போவார்கள். அது காற்று வாங்கப் போவது, ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டாம். சொந்தக் காலை நம்பிப் போவதை 'ஷாங்க்ஸ் போனி' என்பார்கள். நமக்கு நடராஜா சர்வீஸ். ஆச்சி பக்கத்துத் தெருவுக்குக் கிளம்பும்போது, "ஒரு எட்டு பாத்துட்டு வந்திருதேன்" என்பாள். எட்டு என்றால் ஓர் அடிவைப்பு. அந்த ஒரு எட்டுக்குள் தூரம் குறைவு, நேரம் குறைவு, உடனே திரும்பிவிடுவேன் என்ற உறுதி, மூன்றும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அதற்கு ஈடான சொல்லை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

1773இல் சாமுவேல் ஜான்சனும் ஜேம்ஸ் பாஸ்வெலும் சேர்ந்து ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குப் போனார்கள். ஒரே வழி, ஒரே படகு, ஒரே மழை. ஜான்சன் 1775இல் எழுதிய நூலுக்கு 'ஜர்னி' என்று பெயர். பாஸ்வெல் 1785இல் எழுதியதற்கு 'ஒரு டூரின் ஜர்னல்'. அகராதியே எழுதிய ஜான்சன் நாள்நாளாக நடந்த வழியைச் சொல்கிறார். பாஸ்வெல் சுற்றிவந்த கதையை நாட்குறிப்பாகச் சொல்கிறார். ஒரு கட்டுரைக்காக இந்தத் தலைப்புகளைத் தமிழில் எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. 'மேற்குத் தீவுகளுக்கு வழிநடை', 'தீவுச் சுற்றின் நாட்குறிப்பு' என்று எழுதி அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார், கண் மங்கியிருந்தது. நான் வாசிக்க, கேட்டுவிட்டு, "ஒரே ஆளாட்டம் தெரியல. ரெண்டு பேரு போயிருக்காவ, சரிதான்" என்றார். வட்டம் போடவில்லை.

'பயணம்' நல்ல சொல். அதை நான் ஒதுக்கவில்லை. அந்தப் பழைய பக்கத்தைத் திரும்ப எழுதியபோதும் இரண்டு இடங்களில் பயணமே நின்றது. மற்ற ஒன்பதில் பாடும் அலைச்சலும் நடையும் கூட்டாஞ்சோறும் வந்து உட்கார்ந்தன. புதிதாக மொழிபெயர்க்க வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். நூலின் ஆண்டைப் பாருங்கள். ஆள் எதில் போனார், எதற்குப் போனார், வழியில் என்ன சாப்பிட்டார், காசு யார் கொடுத்தார் என்று பாருங்கள். சொல் தானே வரும். வராவிட்டால் வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம், அந்தக் காலத்தில் ஊருக்கு எப்படிப் போனீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது காதில் விழுகிற சொல்லை, ஊர்ப் பெயரோடு, அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் ஆச்சியிடம் நான் கேட்டு எழுதியது ஏழு சொல். இன்னும் கேட்டிருக்க வேண்டும்.